‘பட்டது’ போட்டு எழுது

கல்லூரியில் அவளை எல்லோரும் மலரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் பெயர் மலர் இல்லை. ஆசிரியர்களும் பணியாளர்களும் அந்த வருடம் சாதித்ததையெல்லாம் சேர்த்துக் கல்லூரி வெளியிடும் ‘சாதனை மலரை’த் தொகுக்கிறவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்கள் ‘திருமதி மலர் அவர்களுக்கு’ என்று கடிதம் எழுதிக்கொண்டு வருவார்கள். அவள் திருமதியும் இல்லை. இரண்டு தப்புக்கும் சேர்த்து ஒரே சிரிப்பாகச் சிரித்துவிட்டு வாங்கி வைத்துக்கொள்வாள்.

முதல் மாடியில் முதல்வர் அறைக்கும் ஆசிரியர் கழிவறைக்கும் நடுவே இருந்த ஒடுக்கமான அறை அவளுடையது. ஒரு மேஜை, ஒரு கணினி, கதவு முழுதாக மூடாத இரும்பு அலமாரி, அதற்குள் முப்பத்தைந்து வருடத்து மலர்கள். மார்ச் மாதம் பிறந்தால் போதும், கலையும் அறிவியலும் படியேறி வர ஆரம்பித்துவிடும். வரலாறு வரும், கணிதம் வரும், விலங்கியல் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். எல்லோர் கையிலும் ஒரு தாள் இருக்கும். கருத்தரங்குக்குப் போய் மதியச் சாப்பாடு வரைக்கும் இருந்துவிட்டு வந்தவர் ‘கலந்துகொண்டேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு நகராமல் நிற்பார்.

“கொஞ்சம் கனமா வர்ற மாதிரி பாத்துப் போடுங்கக்கா.”

அவளும் பார்த்துப் போடுவாள். ‘கலந்துகொண்டேன்’ என்பது ‘கருத்துரை வழங்கப்பட்டது’ ஆகிவிடும். அந்த மனிதர் அங்கே தும்மக்கூட இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கேட்டால், “வழங்கப்பட்டதுன்னுதானே போட்டேன், இவர் வழங்கினாருன்னா போட்டேன்?” என்பாள்.

அந்த ‘பட்டது’ அவள் கொண்டுவந்ததுதான். வேலைக்குச் சேர்ந்த மறுவருடம், கல்லூரிக்குப் பின்னால் விடுதி கட்டத் தோண்டியபோது ஒரு பானை நிறையப் பழைய நாணயங்கள் கிடைத்தன. வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் இரண்டு பேரும் ‘நான் கண்டெடுத்தேன்’ என்று தனித்தனியே எழுதிக் கொடுத்தார்கள். கண்டெடுத்தது மண்வெட்டி பிடித்த கூலியாள். அவரிடம் யாரும் எழுதிக் கேட்கவில்லை. ஒருவர் பெயரைப் போட்டால் இன்னொருவர் மேலிடத்துக்குப் புகார் எழுதுவார் என்று அன்றைய முதல்வர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது இருபத்திரண்டு வயதுத் தட்டச்சுப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

“சார், ‘நாணயங்கள் கண்டெடுக்கப்பட்டன’ன்னு போட்டுட்டா?”

முதல்வர் நிமிர்ந்து பார்த்தார். “பிரமாதம்மா! சண்டையும் தீந்துது, பொய்யும் இல்ல.”

அன்றிலிருந்து அது கல்லூரியின் சட்டம் ஆனது. யார் செய்தார் என்று தகராறு வரும் இடத்திலெல்லாம் ‘பட்டது போட்டு எழுது’ என்றார்கள். பிறகு தகராறு வராத இடத்திலும் எழுதினார்கள். நூல் வெளியிடப்பட்டது, தோட்டம் அமைக்கப்பட்டது, கருவி உருவாக்கப்பட்டது. மலரைப் படிக்கிறவனுக்கு அந்தக் கல்லூரியில் வேலைகளெல்லாம் தானாக நடக்கின்றன என்றுதான் தோன்றும். புள்ளியியல்காரர் ஒருவர் பழக்கதோஷத்தில் தன் விடுப்புக் கடிதத்தில் ‘ஆண் குழந்தை பெறப்பட்டது’ என்று எழுதிவிட்டு ஒரு வருடம் கேலிக்கு ஆளானார். விருதுக்கு மட்டும் விதிவிலக்கு. விருதை ஒரு ஆள் கைநீட்டி வாங்கித்தான் ஆக வேண்டும், அதனால் அங்கே பெயர் வரும். பணியாளர்களுக்கு யாரும் விருது கொடுப்பதில்லை. ஆகவே மலரின் கடைசிப் பக்கத்தில் ‘பணி ஓய்வு பெற்றோர்’ என்ற பட்டியலில் மட்டும் அவர்கள் பெயர் வரும். இதில் ஏதாவது அநியாயம் இருப்பதாக அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சொந்தத் தம்பிக்கு வந்தபோதுதான் தோன்றியது. நம்மில் பலருக்கும் அப்படித்தான்.

தம்பி அவளைவிட எட்டு வயது சின்னவன். அவனுக்குப் பத்து வயதில் அம்மா போய்விட்டாள். அப்பா வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு அதற்கு முன்பே போயிருந்தார். அவள்தான் அவனுக்குச் சட்டை தைத்தாள், காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், வாத்தியார்களிடம் திட்டு வாங்கினாள். பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் “தம்பி எங்க இருப்பான்?” என்று கேட்டார்கள். “என்கூடத்தான்” என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. படிப்பு ஏறாத பையனை முதல்வர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வேதியியல் துறையில் உதவியாளாகச் சேர்த்துவிட்டாள்.

அங்கே அவன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டான். உடைந்த குழாய்களை விளக்கு நெருப்பில் காட்டி, ஊதி, வளைத்து, ஒட்டி, தானாகவே பழகினான். விரலெல்லாம் சுட்டுக்கொண்டு வருவான். அவள் மருந்து போட்டுவிட்டுத் திட்டுவாள், மறுநாளும் சுட்டுக்கொண்டு வருவான். ஐந்தாறு வருடத்தில் துறையில் எந்தக் கண்ணாடி உடைந்தாலும் “ஊதியண்ணன்கிட்ட குடு” என்பது வழக்கமாகிவிட்டது. ஊதி ஊதி வேலை செய்கிறவன் ஊதி ஆகிவிட்டான். பேச்சு மட்டும் குறைவு. ஒரு வேலை முடிந்தால் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பான். சரியாக வந்திருந்தால் “ம்” என்பான்.

ஆனால் பதவியில் அவன் உதவியாள். கருத்தரங்கு நாட்களில் நெருப்பை அணைத்துவிட்டு, நீலச் சட்டை மாட்டிக்கொண்டு, கூடத்தில் முந்நூறு நாற்காலி போட வேண்டும். அடுப்பில் பாதி வளைந்த குழாய் ஆறிப்போய் வீணாகிவிடும். அவனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. “கண்ணாடி காத்திருக்காதுக்கா” என்று ஒரே ஒரு தடவை அவளிடம் சொன்னான். அவன் கேட்டதெல்லாம் நாற்காலி தூக்காமல் கண்ணாடி வேலையை மட்டும் பார்க்கும் ஒரு இடம். ‘தொழில்நுட்பர்’ என்று அப்படி ஒரு பதவி இருந்தது. ஐம்பது வயதுக்குள் அதற்குப் போக வேண்டும். அவனுக்கு நாற்பத்தொன்பது முடியப் போகிறது.

அதற்கு முந்தைய வருடம்தான் அவன் அந்த வால்வைச் செய்திருந்தான். துறைத் தலைவரான வேதியியல் பேராசிரியருக்கு ஒரு வாயுவைக் கசியாமல் ஒரு குடுவையிலிருந்து இன்னொன்றுக்கு விட வேண்டியிருந்தது. கடையில் கிடைத்த கண்ணாடி வால்வுகளுக்குக் கிரீஸ் தடவ வேண்டும். அந்தக் கிரீஸ் வாயுவோடு கலந்து சோதனையையே கெடுத்தது. பேராசிரியர் மூன்று மாதம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஊதி ஒன்றும் சொல்லாமல் செய்ய ஆரம்பித்தான். பதிமூன்று உடைந்தன. பதினாலாவது, கட்டைவிரல் அளவுதான் இருக்கும், கிரீஸே இல்லாமல் மூடிக்கொண்டது. கண்ணாடிக்குக் கண்ணாடி அப்படி இழைத்திருந்தான். வேறு நாடுகளிலிருந்தெல்லாம் வரைபடம் கேட்டுக் கடிதம் வந்தது. வரைபடம் எங்கே இருக்கிறது, அவன் கையில்தான் இருந்தது.

அந்த வருட மலரில், ‘கிரீஸ் இல்லாமல் இயங்கும் கண்ணாடி வால்வு ஒன்று துறையில் வடிவமைக்கப்பட்டது’ என்று வந்தது. தட்டச்சு செய்தவள் அக்காதான். கை கூசவில்லை. அடுத்த வரியில், அந்த ஆய்வுக்காகப் பேராசிரியர் விருதுக்குத் தேர்வானது அவருடைய பட்டங்களோடு வந்தது. மலர் வந்த பிறகு நடந்த விருது விழாவில் கேடயத்தை ஒரு தட்டில் வைத்து மேடைக்கு ஏந்தி வர ஒரு ஆள் வேண்டியிருந்தது. நீலச் சட்டையில் நின்றவர்களில் யாரோ யாரையோ கூப்பிட, தம்பி வந்தான். தட்டின் ஓரத்தைப் பிடித்திருந்த தம்பியின் விரல்களில் சூட்டுத் தழும்புகள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரிந்தன. பேராசிரியர் கேடயத்தை எடுத்துக்கொண்டார். தம்பி காலித் தட்டோடு பக்கவாட்டுப் படியில் இறங்கினான். கூடமே கைதட்டியது. அவளும் இரண்டு தட்டு தட்டினாள், அப்புறம் கை ஓடவில்லை. முப்பத்துநாலு வருடத்தில் முதல் தடவையாகத் தான் எழுதிய ஒரு வரியை நினைத்து அவளுக்குக் கூசியது.

இந்த வருடம் தம்பி பதவி உயர்வுக்கு விண்ணப்பம் போட்டான். பதவி உயர்வுக் குழு வெறும் வாய்ப்பேச்சை ஏற்காது, மலரில் அச்சாகியிருக்க வேண்டும். இது அவளுக்கு முப்பது வருடமாகத் தெரிந்த விதி. நல்லவேளையாக, வால்வுக்கு இந்த வருடமும் ஒரு வரி இருந்தது. இரண்டு வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு அனுப்பியதைப் பற்றிய வரி. அதில் அவன் பெயரைச் சேர்த்துவிட்டால் போதும். மலரின் பதிப்பாசிரியர் தமிழ்த்துறைத் தலைவி. அவரிடம் போய் நின்றாள்.

“மேடம், வேதியியல்ல ஒரு வரி. ‘உதவியாளர் இன்னார் வடிவமைத்தார்’னு போடணும்.”

“ஏன்க்கா, நீங்களே சொல்லிக் குடுத்ததுதானே? செஞ்சவங்க பேரு போடறதில்லன்னு.”

“இது ஒண்ணு மட்டும்.”

“ஒருத்தருக்குப் போட்டா நாளைக்கு அத்தனை பேரும் வந்து நிப்பாங்க. அதுவும் உங்க தம்பி. ஊர் என்ன சொல்லும்?” சொல்லிக்கொண்டே அந்த வரியைத் திருத்தி, ‘வடிவமைக்கப்பட்ட வால்வு அனுப்பப்பட்டது’ என்று எழுதினார். ஒன்றுக்கு இரண்டு ‘பட்ட’.

தம்பி, அவன் மனைவி, பெண், அவள் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டில் தம்பியிடம், “நீ கவலைப்படாதடா, நான் பாத்துக்கறேன்” என்றாள்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “நீ ஒண்ணும் பண்ண வேணாம்க்கா.”

“எப்படிடா பண்ணாம இருக்கிறது?”

“வேணாங்கறேன்ல.”

அவனுக்கு எப்போதுமே வெட்கம், தனக்கென்று எதையும் கேட்கத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டாள். பத்து வயதிலிருந்து அவனைப் பற்றி அவள்தானே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அச்சகத்தில் கடைசி மெய்ப்பு அவள் கைக்குத்தான் வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள் என்று பெயர் எடுத்தவள், அவளுக்குப் பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள். இயந்திரம் ஓடும் சத்தத்தில், மை வாசத்தில், ஒரு முக்காலியில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினாள். நாற்பத்திரண்டாம் பக்கம் வந்தது. சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தாள். ஓரத்தில், தம்பியின் முழுப்பெயரை இனிஷியலோடு எழுதி, ‘இந்த வால்வை வடிவமைத்தார்’ என்று முடித்தாள். அச்சகக்காரர் எட்டிப் பார்த்தார்.

“கடைசி நேரத்துல திருத்தமாம்மா?”

“பிழை இருந்துச்சு” என்றாள். அவள் மனதில் அது பிழைதான்.

மலர் வந்ததும் அந்தப் பக்கத்தை நகலெடுத்து, பணியமைப்புப் பிரிவு எழுத்தரிடம் கொடுத்து, தம்பியின் கோப்பில் சேர்க்கச் சொன்னாள். தம்பியிடம் சொல்லவில்லை. ஆணை வந்த பிறகு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அந்தப் பத்து நாளும் அவள் நடையே மாறியிருந்தது. விலங்கியல்காரர்கூட, “என்னக்கா, துள்ளிக்கிட்டு வர்றீங்க?” என்று கேட்டார்.

குட்டு வெளிப்பட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குழுவில் தமிழ்த்துறைத் தலைவியும் இருந்தார். அறுபது பக்க மலரில் எல்லா வேலையும் தானாக நடந்துகொண்டிருக்க, ஒரே ஒரு வரியில் மட்டும் ஒரு மனிதன் எழுந்து நின்றால் கண்ணில் படாமல் இருக்குமா? கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவரச் சொன்னார்கள், மெய்ப்பைக் கொண்டுவரச் சொன்னார்கள். சிவப்பு மையில் அவள் கையெழுத்து கொட்டை கொட்டையாக இருந்தது. விண்ணப்பத்தில் ஒரு சான்று திருத்தப்பட்டிருந்தாலும் மொத்த விண்ணப்பமும் தள்ளுபடி என்பது விதி. தள்ளிவிட்டார்கள். அடுத்த தடவைக்குள் அவனுக்கு ஐம்பது ஆகிவிடும்.

அதற்கு மேல்தான் அவளுக்கு இடி இறங்கியது. வேதியியல் பேராசிரியர் மாடிப்படியில் அவளை நிறுத்தினார்.

“ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“எதைக் கேட்டிருக்கணும் சார்?”

“நான்தான் அவனுக்கு லெட்டர் குடுத்துட்டேனே. போன வருஷமே விதி மாறிடுச்சு. மலர்ல இருக்கணும், இல்லன்னா துறைத் தலைவர் கடிதம் இருக்கணும். அந்தக் கடிதத்தை வச்சே குழுவுல சரின்னுட்டாங்க. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அப்புறம்தான் உன் பக்கத்தைப் பாத்திருக்காங்க.”

விதி மாறிய சுற்றறிக்கை அவள் மேஜைக்கும் வந்திருந்தது. தெரிந்த விதிதானே என்று படிக்காமல் அலமாரியில் போட்டிருந்தாள். பேராசிரியர் நல்லவரா கெட்டவரா என்று அவளால் அந்த நிமிடத்தில் தீர்மானிக்க முடியவில்லை. விருதை வாங்கிக்கொண்டவர்தான். ஆனால் கேட்டதும் எழுதிக் கொடுத்திருக்கிறார். தம்பி கேட்டிருக்கிறான். கேட்கத் தெரியாதவன் என்று அவள் நினைத்த தம்பி, துறைத் தலைவர் அறைக்குப் போய் நின்று, வாயைத் திறந்து கேட்டிருக்கிறான்.

வீட்டில் தம்பி மனைவி அந்தக் கடிதத்தின் நகலை எடுத்துக் காட்டினாள். மொத்தமே நாலு வரி. ‘இந்த வால்வை இவர் செய்தார். நான் செய்யவில்லை. எனக்குச் செய்யத் தெரியாது’ என்று அதில் இருந்தது.

“என்கிட்ட ஏன் சொல்லல?” என்று அக்கா கேட்டாள்.

தம்பி மனைவி கடிதத்தை மடித்தாள். “அவர்தான் அண்ணி சொல்ல வேணாம்னாரு. அக்கா பாத்தா திருத்திடுவான்னு.”

அவளுக்கு வந்த அழுகையை அங்கே அழ முடியவில்லை. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தம்பி பெண் இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுப் போனாள்.

அவளை வேலையைவிட்டு எடுக்கவில்லை. ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கிறது, பழைய ஆள், போகட்டும் என்று முதல்வர் பெருந்தன்மை காட்டினார். அந்தப் பெருந்தன்மையை அவர் நாலு பேர் இருக்கும்போது காட்டினார். மலர் வேலை இனி அவளுக்கு இல்லை. ஆனால் கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது: திருத்தச் சீட்டு. அறுநூறு பிரதிகளிலும் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அந்த வரியின் மேல் ஒட்ட வேண்டும். வாசகத்தையும் அவளையே எழுதச் சொன்னார்கள். எழுதினாள். ‘உதவியாளர் ஒருவரால் வடிவமைக்கப்பட்டதாகப் பிழையாக அச்சிடப்பட்டுவிட்டது. துறையில் வடிவமைக்கப்பட்டது என்று திருத்தி வாசிக்கவும்.’ பதிப்பாசிரியர் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

மறுநாள் காலை பசை டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிரதிகள் கீழே கிடங்கில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. மேலே கொண்டுவர ஒரு உதவியாளை அனுப்பச் சொல்லி அலுவலகத்தில் சொல்லியிருந்தாள். எந்தத் துறையில் ஆள் சும்மா இருக்கிறானோ அவனை அனுப்புவார்கள். வேதியியலில் அன்றைக்கு வகுப்பு இல்லை.

காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். தம்பி நீலச் சட்டையில், தோளில் ஒரு கட்டோடு வாசலில் நின்றான். உள்ளே வந்து கட்டை இறக்கி, கயிற்றை அவிழ்த்து, பிரதிகளைக் கலையாமல் அடுக்கினான். மேஜைமேல் கிடந்த சீட்டுகளில் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் படித்தான். படித்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தான்.

வீட்டில் ஒரு வாரமாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவள்தான் முதலில் பேசினாள்.

“ஏதோ நடந்துபோச்சுடா.”

அவன் அடுக்கின் விளிம்பைத் தட்டி நேராக்கினான்.

“தப்பு நடந்துபோச்சு. என்ன பண்றது, சொல்லு.”

“நடக்கல.”

“என்ன?”

“தானா நடக்கல” என்றான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். “நீ கெடுத்தே. வேணாம் வேணாம்னேன். நீதான்க்கா கெடுத்தே.”

அவள் விரலில் பட்டிருந்த பசை காய்ந்து இழுத்தது. அவன் கயிற்றைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பினான்.

“இன்னும் அஞ்சு கட்டு இருக்கு. எங்க வைக்கட்டும்?”